சம்பந்தி வீட்டுக் கூடை

“அந்த பாட்டில மொதல்ல வெளிய எடுய்யா!”

“எடுக்க மாட்டேன். பாட்டில் இல்லாத கூடையோட போவ அது இன்னா சாவு வூடா?”

சிலுவையம்மாள் கூடையின் ஒரு காதைப் பிடித்து இழுத்தாள். அருள்பிரகாசம் மறு காதை விடவில்லை. முந்திரி, பேரீச்சம்பழம், பிஸ்கோத்து டின், சீஸ் டப்பா எல்லாம் நடுவில் கிடந்து குலுங்கின. அவற்றுக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது சீமை ஒயின். கப்பல் சமையல்காரனிடம் சொல்லிவைத்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் லூயிஸ் கொண்டுவந்தது. மதுவிலக்குக் காலம்தான். ஆனால் ராயபுரத்தில் கிறிஸ்துமஸுக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போகிற கூடை பாட்டில் இல்லாமல் போனதாகச் சரித்திரம் கிடையாது.

“அவுங்க நம்மள மாதிரி மாதா கோயில் இல்லய்யா. சி.எஸ்.ஐ. சபை. மண்டியில மூட்டை தூக்கற ஆளு வாயில கள்ளு வாசனை வந்துச்சுன்னு சம்பந்தி வெள்ளத்துரை அன்னிக்கே அவன வேலைய விட்டுத் தூக்கிட்டாராம். கோயில்ல ஏறி நின்னு குடிக்கு எதிரா பேசறதே அவருதானாம்.”

“யாரு சொன்னா?”

“எங்கிட்ட மீன் வாங்க வர்ற, மண்டி பக்கத்து வூட்டு காத்தூன் பீவி.”

அருள்பிரகாசத்தின் பிடி தளர்ந்தது. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். கீழே ஆட்கள் நிற்க, அவர்கள் தலைக்கு மேலே இரும்புக் கட்டுகளைத் தொங்கவிட்டு நகர்த்தும்போதுகூடத் தளராத பிடி அது.

மகள் அடைக்கலமேரி அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வருவாள். வெள்ளத்துரையின் மகன் பருப்பு மூட்டை எடுக்க வருவான். இருவரும் ஹார்பர் வாசலில் பார்த்துக்கொண்டதில் வந்த வினை. மாப்பிள்ளை வீடு திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரக் குடும்பம், சபையும் வேறு. இந்தப் பக்கச் சாமியார் முகம் சுளிக்க, அந்தப் பக்கத்துப் போதகர் ஐயர் அதைவிடச் சுளிக்க, ஒருவழியாக வெள்ளத்துரை “சரி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். பொங்கல் கழிந்து கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கிறவரை அந்தச் “சரி” உடையாமல் இருக்கவேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே போகிற முதல் கூடை இது. பொழுது சாய்வதற்குள் திருவொற்றியூர் போய்ச் சேரவேண்டும்.

பாட்டில் வெளியே வந்தது. கூடையில் பெரிய பள்ளம் விழுந்தது.

“கேக்கு வெச்சுடு அண்ணே” என்றான் லூயிஸ். “கேக்க எந்தச் சபை வேணாங்குது?”

ஓடிப்போய்ப் பேக்கரியில் இருந்ததிலேயே பெரியதாக ஒன்று வாங்கிவந்தான். பள்ளத்தில் உட்காரவைத்துக் காகிதத்தைப் பிரித்ததும் அறை முழுக்க ஒரு வாசனை எழுந்தது. சிலுவையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

“இன்னாடா லூயிசு இது? ரம்மு வாசனை தூக்குது!”

“ஒரு மாசமா பழத்த ஊறப்போட்டானாம் அண்ணி. எதுல ஊறப்போட்டேன்னு நான் கேக்கல.”

கேக்கையும் எடுத்தார்கள். அதற்குள் அது கசிந்து அடியில் போட்ட வைக்கோலை நனைத்துவிட்டது. வைக்கோலை மாற்றினார்கள். பிரம்பே மணத்தது. சிலுவையம்மாள் சாம்பிராணி போட்டுக் கூடையைத் தணலுக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தாள்.

அருள்பிரகாசம் முகர்ந்து பார்த்தார். “செத்தவங்களுக்கு வெக்கிற பூசையில சவப்பொட்டி பக்கத்துல நிக்கிற மாதிரி கீது.”

“அவுங்க சபையில சாம்பிராணியே போட மாட்டாங்களாமே” என்றான் லூயிஸ்.

“அத இப்ப சொல்றியே, கயிதே!”

வெயில் சரிந்துகொண்டிருந்தது. வேறு கூடைக்கு எங்கே போவது? லூயிஸ்தான் தன் வீட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கிவந்தான். கப்பலில் வந்தது. வழவழப்பான பலகை, பக்கத்தில் அழகாக இங்கிலீஷ் எழுத்து. “சீமைப் பொட்டி அண்ணே. கூடையவிட கௌரவம்.”

சாமான்களை அதில் அடுக்கிக் கட்டிக்கொண்டு அருள்பிரகாசம் பஸ் ஏறினார். அந்தச் சபைக்காரர்கள் சொல்வதுபோல் “ஸ்தோத்திரம்” என்று வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் பெட்டியையே பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

“பொட்டில இன்னா பெரியவரே?”

“முந்திரி சார். பிஸ்கோத்து. சம்பந்தி வூட்டுக்கு.”

“மேல வேற மாதிரி போட்டுகீதே.”

“இன்னா சார் போட்டுகீது?”

“ஸ்காட்ச் விஸ்கி.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. “மாமு, நம்ம வூட்டாண்ட எறங்கேன், நானும் சம்பந்திதான்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அடுத்த நிறுத்தத்தில் இறக்கினார் போலீஸ்காரர். சாமான்களை நடைபாதையில் பரப்பினார். பிஸ்கோத்து டின்னைக் குலுக்கினார். சீஸ் டப்பாவை முகர்ந்தார். கடைசியில் அவருக்கே கோபம் வந்துவிட்டது.

“உள்ள ஒண்ணும் இல்லாம இந்தப் பொட்டிய எதுக்குய்யா தூக்கினு அலையற?”

மீதித் தூரம் நடை. கருங்கல் ஒன்றைப் பொறுக்கி, எழுத்தின் மேல் வியர்க்க வியர்க்கத் தேய்த்தார் அருள்பிரகாசம். மரத்தில் சுட்ட எழுத்து. சுற்றியிருந்த அழுக்கு மட்டும் போய், எழுத்து பளிச்சென்று தெரிந்தது. துண்டைப் போட்டு மூடினார். நடக்க நடக்கத் துண்டு நழுவியது.

பண்டிகைக்கு முந்தின நாள். வெள்ளத்துரையின் மண்டியில் கூட்டம் நெரியவேண்டிய நேரம். ஆனால் பலகைக் கதவைப் பாதி சாத்தியிருந்தார்கள். வாசலில் காவல்காரன் கோதண்டம் மட்டும் நின்றான். பெட்டியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

அருள்பிரகாசம் பெட்டியோடு படியேறினார். உள்ளே சம்பந்தியம்மாள் தேவப்பிரியம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

“ஸ்… ஸ்தோத்திரம்மா. இது பொட்டிதான் அப்பிடி. உள்ள முந்திரிதான் கீது. சத்தியமா அந்தச் சனியன வெளிய எடுத்துட்டுதாம்மா வந்தேன்.”

தேவப்பிரியத்தின் பார்வை பெட்டியின் எழுத்தில் போய் நின்றது. அவ்வளவுதான், அழுகை வெடித்தது.

“இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுண்ணே கலியாணம் பேச? ஊரே சிரிக்கும்லா!”

“அப்பிடி சொல்லாதம்மா. தப்பு என்னுது. எம் பொண்ணு இன்னா பண்ணா? வேணும்னா நான் கல்யாணத்துக்கே வராம இருந்துடறேன். நிறுத்த மட்டும் செய்யாதீங்க.”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கோதண்டம் அருள்பிரகாசத்தின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

“நீ வேற ஏன் நைனா அழுவுற? பாட்டில் இல்லாத கூடை அனுப்பினா ராயபுரத்துக்காரங்க பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு பயந்துகினு, எங்க அய்யா உங்களுக்கு ஒண்ணு வாங்கியாரேன்னு காலைல போனாரு. இப்ப போலீஸ் ஸ்டேஷன்ல குந்திகினு கீறாரு!”