பத்து நிமிஷத்தில் காயும் புடவை

ராகு காலம் பார்க்கலாமென்று பஞ்சாங்கப் பக்கத்தைத் திறந்தால், அங்கேயும் அந்தப் பெண் வந்து நின்றாள். ஒரு புடவையை வாளியில் முக்கி, பிழிந்து, உதறிக் காட்டிச் சிரித்தாள். 'பார்த்தால் காஞ்சிப் பட்டு! துவைத்தால் பத்தே நிமிஷத்தில் காயும்!'

மயில்வாகனம் லேப்டாப்பைப் படீரென்று மூடினார்.

காலையிலிருந்து இது பதினேழாவது முறை. கிரிக்கெட் ஸ்கோரில் அவள், வானிலையில் அவள், முட்டிவலித் தைலம் தேடிய இடத்தில் அவள். வரதராஜப் பெருமாளே கருடன் மேல் ஏறி வந்தாலும் பக்கத்தில் வாளியோடு இவள் நிற்பாள் போலிருந்தது.

அவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றின் செயலாளர். அன்று நாலு மணிக்கு, 'போலிப் பட்டை வாசற்படி ஏற்ற மாட்டோம்' என்று எல்லோரும் உறுதிமொழி எடுக்கும் கூட்டம். திரையில் படம் காட்டி, உறுதிமொழியை வாசிக்க வேண்டியவரே அவர்தான். போன மாதம் பொருளாளர் ராமராஜன் வீட்டுக் கொடியில் மில் புடவை காய்ந்ததென்று தலைவர் ராஜகோபால் அவரைப் பதவியைவிட்டே இறக்கிவிட்டார். அதற்கு முதலில் கை தூக்கியவர் மயில்வாகனம். தோள்பட்டை கழன்று விழும் உயரத்துக்குத் தூக்கினார்.

அதே வாரம் மனைவி இந்திராணி சொன்னாள்: "ன்னாங்க, கல்யாணத்துக்குக் கல்யாணம் பட்டைக் கட்டிக்கினு வெந்து சாவறேன். ஒரு சொட்டு சாம்பார் சிந்துனா பாதி உசுரு போவுது. துவைச்சா காயற மாதிரி ஒண்ணு வேணும். எப்படி வாங்குவீங்களோ தெரியாது."

தேடினார். வாங்கினார். புடவை பீரோவின் அடித்தட்டில் சத்தமில்லாமல் குடியேறிவிட்டது. விளம்பரம்தான் வெளியே அலைந்தது.

விளம்பரத்தின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கினார். 'ஏன் வேண்டாம்?' என்று கேட்டது. பொய் சொல்லிப் பழகாத மனிதர். 'ஏற்கெனவே வாங்கிவிட்டேன்' என்பதை அமுக்கினார். அடுத்த நொடி அதற்கு மேட்சாக உள்பாவாடை வந்தது.

'சலவைப் புடவை விளம்பரத்தை நிறுத்துவது எப்படி' என்று தேடினார். 'சலவைப் புடவை' என்ற சொல் காதில் விழுந்ததும் இன்னும் எட்டு கம்பெனிகள் ஓடிவந்தன.

வேறு வழியில்லாமல், சென்னையில் கம்ப்யூட்டர் வேலையிலிருக்கும் மகள் சங்கீதாவுக்குப் போன் போட்டார்.

"சங்கீதா, என் சிநேகிதர் ஒருத்தரு இருக்காரு..."

"யாருப்பா?"

"உனக்குத் தெரியாதும்மா. அவரு என்னமோ தேடிட்டாராம். அதே விளம்பரம் தொரத்திக்கினு வருதாம். மானஸ்தரு, அழுவறாரு."

"அய்யய்ய! அப்படி இன்னா தேடினாரு?"

"சீச்சீ! துணிதாம்மா!"

"சரி சரி. அது தேர்ட் பார்ட்டி குக்கீப்பா. நீங்க ஒரு கடைக்குப் போறீங்க. கடைக்காரர் உங்கள ஞாபகம் வெச்சிக்கிறது வேற. மூலைல நின்னுக்கினு இருக்கிற எவனோ உங்க முதுகுல ஒரு சீட்டு ஒட்டிடறான். நீங்க போற கடைக்கெல்லாம் அவன் ஆளு வந்து நின்னு அதைப் படிக்கிறான்."

மயில்வாகனத்தின் கை தானாகவே முதுகைத் தடவியது.

"எந்த லேப்டாப்புல தேடினாரோ, சீட்டு அதுலதான் ஒட்டியிருக்கும். செட்டிங்ஸ்ல போயி தேர்ட் பார்ட்டி குக்கீயை மட்டும் பிளாக் பண்ணச் சொல்லுங்க. மட்டும்! கேக்குதா?"

கேட்கவில்லை. அவர் அதற்குள் செட்டிங்ஸில் நுழைந்திருந்தார். மூன்றாம் ஆளை மட்டும் தடுப்பதாம்! வெட்கத்தில் வேகிற மனசுக்கு அது எந்த மூலைக்கு? எல்லாக் குக்கீயையும் தடுத்தார். லேப்டாப் பிறந்த நாளிலிருந்து சேர்ந்ததையெல்லாம் துடைத்து அழித்தார்.

பஞ்சாங்கத்தில் அந்தப் பெண்ணைக் காணோம். சங்கத்து மெயிலையும் காணோம். படங்களும் உறுதிமொழியும் அதற்குள்தான் இருந்தன.

'குக்கீயை அனுமதித்தால்தான் உள்ளே விடுவேன்' என்றது மெயில். பதறிப்போய் எல்லாவற்றையும் திரும்ப அனுமதித்தார். பாஸ்வேர்டு கேட்டது. நாலு வருஷமாகத் தானாகத் திறந்த கதவுக்குச் சாவி எங்கேயென்று யாருக்குத் தெரியும்? சாமி பெயர்களாக அடித்துப் பார்த்தார். காஞ்சிபுரத்தில் சாமிக்கா பஞ்சம்? பதினாறாவது சாமியில் மெயில் மொத்தமாகப் பூட்டிக்கொண்டது.

நாலு மணிக்குச் சங்கக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். அவர் கண்ணுக்கு நாலாயிரம். கம்ப்யூட்டர் பார்க்கும் காயத்ரியிடம் லேப்டாப்பைக் கொடுத்தார்.

"மெயில் தொறக்கலம்மா. எப்படியாவது..."

"நீங்க மேடைல போயி உக்காருங்க சார். நான் பாத்துக்கறேன்."

தலைவர் ராஜகோபால் மைக்கைப் பிடித்தார். "போலிப் பட்டு வாங்கறவன் அவன் தறியை அவனே வெட்டறான்! அப்படி எவனாச்சும் இங்க இருந்தா இப்பவே எழுந்து போவட்டும்! காயத்ரி, பேப்பர்காரங்க நெட்டுல போட்ட என் பேட்டியைக் காட்டும்மா!"

பேட்டி வந்தது. திரையில் தலைவர் ஆறடி உயரம். பக்கத்தில் ஏழடி உயரத்தில், வாளியோடு அவள். அவள் உதறிய உதறலில் முன்வரிசைக்காரர்கள் முகத்தைத் துடைத்துக்கொள்ளாததுதான் பாக்கி.

மூன்றாவது வரிசையில் ராமராஜன் கண்ணை இடுக்கிக்கொண்டு 'பத்தே நிமிஷத்தில்' என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் மயில்வாகனத்துக்குத் தாங்கவில்லை. எழுந்தே விட்டார்.

"அது என்னைத்தான் தேடிக்கினு வந்திருக்குது. நான் வாங்கினேன். ஒண்ணு இல்ல, மூணு. எல்லாம் பீரோ அடித்தட்டுல இருக்குது. ராமராஜா, உன்ன இறக்கறதுக்கு மொதல்ல கை தூக்கினவன் நான். இந்தக் கைய எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியலப்பா. பதவிய எடுத்துக்கோங்க."

"உக்காரு மயிலு, உக்காரு," என்றார் ராமராஜன் மெல்ல.

"இன்னாத்துக்கு உக்கார்றது?" ராஜகோபால் மேசையில் குத்தினார். "வெக்கமா இல்ல? என் மூஞ்சி பக்கத்துலயே கொண்டாந்து நிறுத்திட்டியே! காயத்ரி, அந்தப் பீடை புடிச்ச லேப்டாப்பைக் கழட்டித் தெருவுல போடும்மா!"

காயத்ரி ஒயரைப் பிடித்தபடி தயங்கினாள்.

"செயலாளர் சாரோடது தொறக்கவே இல்லன்னு, உங்க ரூம்ல இருந்த உங்க லேப்டாப்பைத்தான் சார் மாட்டியிருக்கேன்."