நாற்காலிக்கு ஒரு வாரிசு

‘உமக்கு அடுத்து யார்?’ என்ற கேள்விக்கு நாகேந்திரன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஜேசுராஜ் நிம்மதியாக ஒரு வார லீவில் போனார்.

பம்பாய் தலைமை ஆபீஸின் புது உத்தரவு அது. ஒவ்வொரு அதிகாரியும் ஒரு வாரிசைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் நாற்காலியை அவனிடம் விட்டுப் பார்க்க வேண்டும். அம்பத்தூர் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பகுதிக்கு ஜேசுராஜ்தான் மானேஜர். தான் இல்லாவிட்டால் ஒரு லாரியும் கேட்டைத் தாண்டாது என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க நாகேந்திரனைவிடத் தோதான ஆள் கிடையாது. பாரிவாக்கத்துப் பிள்ளை, தங்கமானவன், ஃபேனைப் போடக்கூட நாலு பேரைக் கேட்பான்.

தொழிற்சாலைக்கே பெரியவரான ஜோசப்ராஜ், தன் வாரிசாக ஜேசுராஜை எழுதியிருந்தார். “பெரியவருக்கு ஆளை எடை போடத் தெரியும்,” என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டார் ஜேசுராஜ். மனைவி சாராள் அன்றைக்குக் கேசரி கிண்டினாள்.

திங்களன்று ஆபீஸிலிருந்து ஆள் ஓடிவரும் என்று, ஐயப்பன்தாங்கல் வீட்டில் சட்டையை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். தபால்காரர்தான் வந்தார்.

மறுநாள் மனம் பொறுக்கவில்லை. மளிகைக் கடையிலிருந்து போன் போட்டார்.

“நாகேந்திரா, பூனா லாரியை நிறுத்து. ஓசூர் லாரியை முதல்ல அனுப்பு.”

“செரி சார்.”

பையன் குழம்பட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். ஆனால் ஓசூர்க்காரர்கள் சரக்கில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்களாம். நாகேந்திரன் பெயருக்குப் பாராட்டுத் தந்தி வந்துவிட்டது.

புதனன்று வேறு வழி பார்த்தார். மறுபடி போன் போட்டு, இனி என்னை எதுவும் கேட்காதே, எல்லாம் உன் பொறுப்பு என்று அடித்துச் சொன்னார். பயந்துபோன நாகேந்திரன் லோடு ஏற்றுகிறவர்கள், டிரைவர்கள், வாட்ச்மேன் என்று ஒருவர் விடாமல் யோசனை கேட்டான். அதுவரை அவர்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஆளுக்கொன்று சொல்லிவிட்டு, தாங்கள் சொன்னதாயிற்றே என்று அவர்களே ஓடி ஓடி வேலை பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே லாரிகள் கிளம்பிப் போயின.

வெள்ளிக்கிழமை, மறந்துபோன குடையை எடுக்கிற சாக்கில் ஜேசுராஜே வந்து நின்றார். அவர் நாற்காலியில் நாகேந்திரன். பக்கத்தில் ஜோசப்ராஜ், அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். ஜேசுராஜ் குடையை எடுக்காமலே திரும்பினார். பெரிய நாற்காலி கிடைப்பதற்குள் சின்ன நாற்காலி போய்விடும் போலிருந்தது.

கேண்டீனில் போய் உட்கார்ந்து, எல்லா அதிகாரிகள் அறைக்கும் டீ கொண்டுபோகிற கோவிந்தனிடம் கொட்டித் தீர்த்தார்.

“நம்ம நாற்காலிக்கு ஆபத்து வராதுன்னுதான்யா, இருக்கிறதிலேயே மக்கு ஆளாப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். இப்படிக் காலை வாரிட்டானே.”

கோவிந்தன் டீயை ஆற்றி அவரிடம் நீட்டினான்.

“உடுங்க சார். பெரிய சாரு உங்க பேரை எழுதின அன்னிக்கு, அவரும் இதையேதான் சொல்லிகினு இருந்தாரு.”