டிஸ்க் பிரேக்குக்கு நாலு சொட்டு நல்லெண்ணெய்

சிதம்பரம்,
விஜயதசமி, காலை ஒன்பதரை மணி.

அன்புள்ள மச்சான் கலைமணிக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் உத்திராபதி எழுதுவது.

இங்கு நானும் உன் அக்கா அமிர்தமும் நலம். அங்கு சேந்தமங்கலத்தில் நீயும் கயல்விழியும் குழந்தையும் நலமாக இருக்க நடராஜப் பெருமானை வேண்டுகிறேன். போன வாரம் குழந்தையின் காதுகுத்துக்கு வந்தபோது நீங்கள் கவனித்த கவனிப்பை மறக்க முடியாது. நான் எண்ணெய் போட்ட உன் வீட்டு கேட்டும் கிணற்று ராட்டினமும் இப்போது சத்தமில்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். மேலே நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உண்மையில் எனக்கு இடது முட்டி வீங்கிக் கிடக்கிறது.

போன் இருக்கிற இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும். அவள் அடுக்களையில் சுண்டல் தாளித்துக்கொண்டே அடுத்த தெரு சண்டையைக் கேட்கக்கூடியவள். தெருவுக்குப் போய்ப் பேசலாமென்றால் முட்டி மடங்கவில்லை. போனில் டைப் அடிக்க என் விரலுக்கு வராது, ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. ஆகவே பேப்பரில் எழுதி, ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு. உன் அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது.

விஷயம் இதுதான். என் மகன் அருள்மொழி அவனுடைய சிநேகிதர்கள் இரண்டு பேரோடு இன்று காலை மோட்டார் சைக்கிளில் கொல்லிமலைக்குக் கிளம்பிவிட்டான். கடலூர் பாலகுமார் ஒருத்தன், மேல்பட்டாம்பாக்கத்து சித்தார்த் ஒருத்தன். புரட்டாசியில் மலையெல்லாம் பச்சையாக இருக்குமாம், மூடுபனி இறங்குமாம், எழுபது கொண்டை ஊசி வளைவாம். வீடியோ ஒன்றைக் காட்டினான். உன் அக்கா "எவ்ளோ அழகா இருக்குடா!" என்றாள். எனக்குத் தெரிந்தது பள்ளம் மட்டும்தான். எங்கள் பக்கம் உயரம் என்றால் கோயில் கோபுரம், அதை விட்டால் வீராணம் ஏரிக்கரை. வேண்டாமென்றேன், கேட்கவில்லை. கடைசியில் வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டோம் என்று மூன்று பேரிடமும் கற்பூரத்தில் அடித்து சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தேன். அந்தச் சத்தியம் இப்போது என் தலையிலேயே வந்து விடிந்திருக்கிறது.

நேற்று ஆயுத பூஜை. மலைக்குப் போகிற வண்டியாயிற்றே என்று அவன் பைக்குக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பூஜை செய்தேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், கைப்பிடி இரண்டிலும் வாழைக்கன்று, ஹெட்லைட் மறைகிற அளவுக்கு சந்தனம், முன்னால் மாவிலைத் தோரணம். "அப்பா, இது பைக்குப்பா, தேரு இல்ல" என்றான் பையன். கற்பூரம் காட்டிவிட்டு வண்டியைத் தள்ளிப் பார்த்தேன், முன்சக்கரத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம். முப்பத்திரண்டு வருஷம் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஏரி மதகுத் திருகுக்கெல்லாம் எண்ணெய் போட்ட கை இது, மச்சான். இரும்பு கத்தினால் என்னால் சும்மா இருக்க முடியாது. யாரும் பார்க்காத நேரத்தில், சாமி விளக்கில் மீந்த நல்லெண்ணெயை எடுத்து, சக்கரத்தில் பளபளவென்று ஒரு வட்டத் தகடு இருக்கிறதே, அதில் நாலு சொட்டு விட்டுத் துணியால் நன்றாகத் தேய்த்தேன். சத்தம் நின்றுவிட்டது. சாமி எண்ணெய், சக்கரத்துக்கும் ஆயிற்று, புண்ணியமும் ஆயிற்று என்று மனசு குளிர்ந்து என் ஸ்கூட்டருக்கும் அப்படியே போட்டுவிட்டேன்.

இன்று காலை ஐந்து மணிக்குப் பையன் பெட்ரோல் போட்டுவருகிறேன் என்று போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தான், என் காலில் விழுந்து விபூதி வாங்கினான், கிளம்பிவிட்டான். ஏழரைக்கு நான் பூ வாங்க மேல வீதிக்கு ஸ்கூட்டரில் போனேன். திருப்பத்தில் ஓர் இளநீர் வண்டி நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தேன் என்பது என் பக்கத்துச் செய்தி, வண்டிக்கு அது எட்டவில்லை. இளநீரெல்லாம் தெருவில் உருண்டது. நானும் உருண்டேன். நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். அமிர்தத்திடம் மாடு குறுக்கே வந்ததாகச் சொல்லிவிட்டேன். வாயில்லா ஜீவன் மேல் பழி போட்டது வேறு உறுத்துகிறது.

வண்டியை மெக்கானிக் ராஜாமணியிடம் கொண்டுபோனேன். அவன் சக்கரத்தைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தான்.

"டிஸ்க்ல எண்ணெய் ஊத்துனது யாரு சார்? பிரேக்குன்னா ஒரசித்தானே புடிக்கணும்? எண்ணெய் போட்டா வழுக்கிக்கினு பூடும். மலையில எறங்கும்போது இப்படி ஆயிருந்தா இன்னா ஆவறது?"

"தெரியலியேப்பா" என்றேன். ஒரு மாதிரியாக என்னைப் பார்த்து, "வேற எந்த வண்டிக்காச்சும் போட்டீங்களா சார்?" என்றான். "ச்சே, இல்லவே இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் பையன் ஆத்தூரில் டிபன் சாப்பிடும்போது பேசினான். போன் உன் அக்கா கையில். பிடுங்கி, "பிரேக்கு எப்படிடா இருக்கு?" என்றேன். "சூப்பரா புடிக்குதுப்பா" என்று சிரித்தான். வீட்டுக்கு ஒரே பிள்ளை, பெற்றவனே சக்கரத்தில் எண்ணெய் தடவி அனுப்பியிருக்கிறேன், அது தெரியாமல் சிரிக்கிறான். அமிர்தம் பக்கத்திலேயே நின்றதால் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை விட்டுவிட்டேன், மச்சான். இனி நான் கூப்பிட்டாலும், சத்தியம் செய்தவன் வண்டியில் போனை எடுக்க மாட்டான்.

ஆகவே நீ உடனே உன் காரை எடுத்துக்கொண்டு, உன் ஊர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கிற காரவள்ளிக்குப் போ. முதல் வளைவுக்கு முன்னால் அவர்களை மறித்துவிடு. என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லு. பைக்கைப் பிடுங்கிக்கொள், அவர்களை பஸ்ஸில் ஏற்று. பின்னால் வீட்டுக்குக் கூட்டிப்போய் சோறு போடு. புரட்டாசி, கோழி கீழி அடிக்காதே.

காது குத்திய குட்டிக்கு என் முத்தம். கயல்விழிக்கு ஆசிகள். எல்லாரும் பதினாறும் பெற்று, முக்கியமாக ஆளுக்கொரு நல்ல பிரேக்கும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் மாமா உத்திராபதி

பி.கு.: மணி பத்தரை. எல்லாம் தலைகீழாகிவிட்டது. கடைசிப் பக்கத்தை போட்டோ எடுக்கும்போது அமிர்தம் பின்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டாள். திட்டவில்லை, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். விடியற்காலையில் பையன் வண்டியைத் தள்ளும்போதே பிரேக் வழுக்குவதைப் பார்த்துவிட்டானாம். பெட்ரோல் போடப் போகவில்லை, ராஜாமணியை எழுப்பி எண்ணெயை எல்லாம் துடைத்து, பிரேக் கட்டையையும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். "அப்பாகிட்ட சொல்லாதம்மா, ஆசையா செஞ்சாரு. தெரிஞ்சா அவருக்கு சோறு எறங்காது" என்றானாம். அதைக் கேட்டு நான் கொஞ்சம் அழுதேன். அதை உன்னிடம் சொல்வதில் வெட்கமில்லை.

ஆகையால் நீ போகவேண்டாம் என்று சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. கயல்விழிதான் எடுத்தாள். முதல் பக்கங்களைப் படித்ததுமே நீ பதறிக்கொண்டு புறப்பட்டுவிட்டாயாம். காரை அவள் அப்பா எடுத்துப் போயிருப்பதால், கொட்டகையில் ஆறு மாதமாக மூடிக்கிடந்த உன் பழைய பைக்கில் போயிருக்கிறாயாம்.

மச்சான், காதுகுத்தன்று அந்தக் கொட்டகைப் பக்கம் போனேன். வண்டியை லேசாகத் தள்ளிப் பார்த்தேன். முன்சக்கரம் கிறீச்சென்றது.

இதைப் படிக்கிற இடத்திலேயே ஓரங்கட்டி இறங்கி நின்றுகொள். பயப்படாதே. ராசிபுரத்தில் டீக்கு நின்று அருள்மொழி கூப்பிட்டான், அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சரிப்பா, மாமாவ வழியிலயே புடிச்சு நிறுத்தி, பத்திரமா வூட்டுல வுட்டுட்டு அப்புறமா மலைக்குப் போறோம். நீ மட்டும் அந்த எண்ணெக் கிண்ணத்தைக் கீழ வைப்பா" என்றான்.

வைத்துவிட்டேன்.