சோடா அண்ணை 'வேண்டாம்' என்று சொன்ன கூட்டம்

பாரிஸில் எங்கள் பேட்டைக் கூட்டுறவு பியர்க் கடையின் விதித்தொகுப்பில் பதினேழாம் விதி, இரண்டாம் பத்தி இப்படிச் சொல்கிறது: "நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிடும் வேட்பாளர் விலக விரும்பினால், அதை எழுத்து மூலம், கையொப்பமிட்டு, வாக்கெடுப்பு தொடங்குமுன் தலைவரிடம் கொடுக்க வேண்டும்." எழுத்து மூலம். கையொப்பமிட்டு. பிரெஞ்சு மொழியில் இதைவிடத் தெளிவாக ஒரு வாக்கியம் எழுத முடியாது. நான் பிரெஃபெக்தூர் என்னும் அரசு அலுவலகம் ஒன்றில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெளிவில்லாத வாக்கியங்களை நானே ஏராளமாக எழுதியிருக்கிறேன். ஆகவே இந்த விஷயத்தில் என்னை நம்பலாம்.

இந்த விதியை யாரை மனதில் வைத்து எழுதினார்களோ தெரியாது. இது யாரைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு சொட்டு பியரைக்கூட நாக்கில் வைக்காமல் ஒரு பியர்க் கடைக்காக இவ்வளவு பாடுபட்ட இன்னொரு மனிதர் பாரிஸில் மட்டுமல்ல, பியர் காய்ச்சும் எந்தத் தேசத்திலும் பிறந்திருக்க மாட்டார். சோடா அண்ணையைத்தான் சொல்கிறேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வேட்புமனுவில் அதை எழுதியவனே நான்தான். ஆனால் லா ஷப்பல் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் ஆள் பிடிபடாது. கல்யாண வீடோ, பூப்புனித நீராட்டு விழாவோ, எங்கே போத்தல் திறந்தாலும் "எனக்கு ஒரு சோடா காணும்" என்று ஒதுங்கிவிடுவார். யாழ்ப்பாணத்துக்காரர். பிரெஞ்சு உணவகம் ஒன்றில் சமையல் வேலை. வைன் ஊற்றிச் சமைக்கும் மாட்டிறைச்சிக் குழம்பை மோந்து பார்த்தே இறக்கி வைப்பாராம். என்னைவிட வயதில் இளையவர். இருந்தாலும் புதுச்சேரிக்காரனான நானும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன். அந்தத் தெருவில் காய்கறி வாங்கி வாங்கி ஒட்டிக்கொண்ட பழக்கம்.

பியர்க் கடை அவர் வீட்டுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தது. சைக்கிளில் வரும் தாடிக்கார இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்தார்கள். முதலாளி கிடையாது, பேட்டை மக்களே பங்கு வாங்கலாம், பங்குக்காரர்களே முறைவைத்து வேலை செய்வார்கள், பியரையும் அங்கேயே காய்ச்சுவார்கள். "இது பேட்டை மக்களின் கடை" என்று கதவில் பெரிதாக எழுதி வைத்தார்கள். எதிர்ச் சாரி முழுக்கத் தமிழ்க் கடைகள் இருப்பது மட்டும் பேட்டை மக்களைக் கணக்கெடுத்தபோது அவர்கள் கண்ணில் படவில்லை.

பார்லி காய்ச்சும் நாட்களில் ஆவி குபுகுபுவென்று மேலே ஏறி, சோடா அண்ணையின் சன்னலில் காயும் வேட்டிக்குள் குடியேறும். ஒரு வெள்ளிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். பக்கத்தில் நின்றவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நகர்ந்து நின்றார். அடுத்த வெள்ளிக்குள் செய்தி புறநகர் திரான்சி வரை போய்ச் சேர்ந்துவிட்டது: சோடா அண்ணை தண்ணி போடத் தொடங்கிவிட்டார்.

அண்ணை கீழே இறங்கிப் போய்ச் சண்டை போட்டார். புகார்களைப் பொதுக்கூட்டத்தில்தான் எழுப்பலாம், பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள்தான் பேசலாம் என்றார்கள். உடனே ஒரு பங்கு வாங்கினார். பியர்க் கடையைத் திட்டுவதற்காக அதில் முதலாளியான ஒரே ஆள் அவர்தான்.

அந்தப் பொதுக்கூட்டத்தில்தான் நான் அவரை முதலில் கவனித்தேன். நானும் உறுப்பினன், பியருக்காக அல்ல, ஓய்வுக்காலத்தில் வாசிக்கக் கூட்டக் குறிப்புகள் கிடைக்கும் என்பதற்காக. அண்ணை ஒரு பையிலிருந்து வேட்டியை எடுத்து உதறி, முதல் வரிசையில் கொடுத்து, "மணந்து பாத்திட்டுப் பக்கத்து ஆளிட்டைக் குடுங்கோ" என்றார். பிரெஞ்சில்தான் சொன்னார். அவர் பிரெஞ்சில் வினைச்சொற்களுக்குக் காலமே கிடையாது, ஆனால் தயக்கமும் கிடையாது. வேட்டி கைமாறிக் கைமாறிக் கடைசியில் பியர் காய்ச்சுகிற தாடிக்காரரிடம் போனது. அவர் கண்ணை மூடி ஆழமாக முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"நம்ம குளிர்காலக் கறுப்பு பியர்" என்றார். குரலில் ஒரு தகப்பனின் பெருமை.

அண்ணை என் பக்கம் திரும்பினார். அங்கே தமிழ் முகம் நான் ஒருவன்தான். "ஐயா, இவரிட்டைச் சொல்லுங்கோ. அவரின்ரை சந்தோசம் கிடக்கட்டும், நான் முருகனுக்கு என்ன மறுமொழி சொல்லுறது?"

மொழிபெயர்த்தேன். புகைக்குழாய் வைக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வேறு யாராக இருந்தாலும் வந்த வேலை முடிந்தது என்று பங்கை விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். இவர் போகவில்லை. மாதம் ஒருமுறை தன் முறைக்கு வந்து குழாயடியில் நின்று பியர் ஊற்றினார். இரண்டாவது கோப்பைக்கு மேல் யாருக்கும் ஊற்ற மாட்டார். "தம்பி, காணும். வீட்டிலை தேடுவினம்" என்று பிரெஞ்சுக்காரனைப் பார்த்துத் தமிழிலேயே சொல்லி, ஒரு கிளாஸ் தண்ணீரும் கறிவேப்பிலை போட்டு வறுத்த கடலையும் வைப்பார். அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும். ஆனால் அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். "முசியே சோடா இன்றைக்கு உண்டா?" என்று கதவில் தலையை நீட்டிக் கேட்டுவிட்டு உள்ளே வருபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. வரிசையாக அத்தனை குழாய்கள். ஒன்றில்கூட அவர் மனைவி குடிக்கக்கூடிய எதுவும் வராது. அந்த அம்மாள் அதே கட்டடத்தில் குடியிருந்தும் கடை வாசலை மிதித்ததில்லை. தெருவில் இருக்கும் மற்றத் தமிழ்ப் பெண்களும் அப்படியே. அண்ணை வீட்டில் இஞ்சிச் சோடா தயாரித்துக் கொண்டுவந்து தாடிக்காரருக்குக் கொடுத்தார். தாடிக்காரர் குடித்து, இருமி, இன்னொன்று கேட்டார். ஒரு குழாயை இதற்கு விடலாம்தான், ஆனால் எந்தக் குழாயில் எது என்பதை நிர்வாகக் குழுதான் தீர்மானிக்கும் என்றார்.

"குழாய் வரட்டும், நானும் வாறன்" என்றாராம் மனைவி.

அப்படித்தான் சோடா அண்ணை தேர்தலில் குதித்தார். வேட்புமனுவை நான் எழுதினேன். காற்புள்ளிகூடப் பிசகாத மனு அது. பிரசாரத்தை அவர் ஊர்ச் சங்கத் தேர்தல் பாணியில் நடத்தினார். ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் ஞாயிறு காலை, இறைச்சி அடைத்துப் பொரித்த ரோல்ஸ் பொட்டலத்தோடு போனார்; சைவச் சாப்பாட்டுக்காரருக்கு மரக்கறி ரோல்ஸ் தனியாக. பாரிஸில் ஞாயிறு காலை அழைப்புமணி அடித்தால் தீ விபத்து என்றுதான் நினைப்பார்கள். ஆனாலும் ரோல்ஸைக் கடித்த பிறகு ஒருவரும் கதவைச் சாத்தவில்லை. வெற்றி நிச்சயம் என்று நானே கணக்குப் போட்டிருந்தேன்.

கூட்ட நாள் வந்தது. தலைவி செலின் என்ற இளம்பெண். எங்கள் கடையில் மேல் கீழ் கிடையாது, எல்லாரும் சமம் என்று ஒவ்வொரு கூட்டத்தையும் தொடங்குவார். பிறகு யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம் என்பதை அவரே முடிவு செய்வார். சத்தம் போட்டால் கூச்சசுபாவம் உள்ளவர்கள் மிரளுவார்களாம். ஆகவே அங்கே கைதட்டக்கூடாது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்ட வேண்டும், அதுதான் கைதட்டல். விதி மீறப்படுகிறது என்று சொல்லவும் ஒரு சைகை உண்டு, ஒரு கைக்கு மேல் இன்னொரு கையைக் குறுக்கே வைப்பது.

அண்ணை கோட்டும் விபூதியுமாக முதல் வரிசையில் இருந்தார். அவர் முறை வந்தது. "நீ போட்டியில இருக்கியா?" என்று செலின் கேட்டார். அங்கே எல்லாரும் எல்லாரையும் நீதான்.

அண்ணை எழுந்தார். கைகூப்பினார். "வேண்டாம், வேண்டாம். என்னைவிட எவ்வளவோ தகுதியான ஆக்கள் இருக்கினம்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

செலின் "நன்றி" என்று சொல்லிவிட்டு, பட்டியலில் அவர் பெயரைக் கோடிழுத்து அடித்தார்.

இப்படி ஒரு தன்னடக்கத்தைச் சபை பார்த்ததில்லை. எல்லாரும் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அண்ணை நிமிர்ந்தார். மண்டபம் முழுக்கக் கைகள். அவர் கண் கலங்கிவிட்டது. மறுபடி எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார். மறுபடியும் அத்தனை கைகளும் உயர்ந்தன.

நான் பின்வரிசையில் கையைக் குறுக்கே வைத்துத் தோள் வலிக்கும்வரை நின்றேன். செலின் பார்த்துப் புன்னகைத்து, நான் இடைவேளை கேட்பதாக எண்ணி, "இடைவேளை கடைசியில்தான்" என்றார். பதினேழாம் விதி என்று வாய்விட்டே சொன்னேன். சத்தம் போட வேண்டாம், கேள்விகளை இறுதியில் கேளுங்கள் என்றார். இறுதியில், கடை திறக்கும் நேரமாகிவிட்டது என்று நாற்காலிகளை மடக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. அவருடைய ஒரே வாக்குறுதி, பீட்ரூட் போட்ட புளிப்பு பியர்.

வெளியே மெத்ரோ பாலத்தடியில் அண்ணையைப் பிடித்தேன். போனில் மனைவியிடம் "ஓமப்பா, ஓம், எல்லாரும் சம்மதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?" என்றேன்.

"பின்னை? கேட்ட உடனை ஓமெண்டு பாய்ஞ்சு விழுந்தால் சனம் என்ன நினைக்கும்? முதல்தரம் வேண்டாமெண்டு சொல்லோணும், ரெண்டாந்தரமும் சொல்லோணும். மூண்டாந்தரம் கேக்கேக்கைதானே ஓமெண்டுறது. இஞ்சை அதுக்கும் தேவை வரேல்லை. ஒரு ஆளுக்கு ரெண்டு கை தூக்கிட்டினம் ஐயா."

"அது ஓட்டு இல்ல அண்ணை. கைதட்டல்."

"கைதட்டினால் சத்தம் வருமே?"

"இவங்க சத்தமில்லாமதான் தட்டுவாங்க. உங்க பேரை அடிச்சுட்டாங்க."

மேலே ரயில் தடதடத்துப் போனது. பிறகு, யார்மீதும் கோபமில்லாமல், உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: "அப்ப அந்தப் பிள்ளை ஏன் ரெண்டாந்தரம் கேக்கேல்லை?"

அவருக்கு வராத கோபம் முழுவதும் எனக்கு வந்தது. மறுநாளே செலினுக்கு ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். புகாருக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பதும் அவர்கள் எழுதிய விதிதான். மாதம் போனது. கடைக்குப் போய்க் கேட்டேன். "அவரே வேண்டாம்னு சொன்னாரே, எல்லாரும் கேட்டோமே. இங்க நாம மனசு விட்டுப் பேசறவங்க, கடிதம் எல்லாம் எதுக்கு?" என்றார் செலின். ஒருமுறை எங்கள் பிரெஃபெக்தூர் கவுண்டரில் ஒரு மனிதர் உங்கள் நாடும் வேண்டாம் குடியுரிமையும் வேண்டாம் என்று கத்திவிட்டுப் போனார். அவருடைய விண்ணப்பக் கோப்பைக்கூட நாங்கள் மூடவில்லை, கையெழுத்து இல்லையே. எல்லாரும் கேட்டோமாம். காதால் கேட்டது போதுமென்றால் கையெழுத்து எதற்கு, விதி எதற்கு, நான் எதற்கு?

இரண்டாவது கடிதத்துக்கும் பதில் இல்லை. அண்ணையோ முறை தவறாமல் கடைக்குப் போய் பீட்ரூட் பியரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "விடுங்கோ ஐயா, பெடியள் நல்லவங்கள். பழக்கம் தெரியேல்லை" என்று அவர்களுக்கு வக்காலத்து வேறு. வீட்டில் மட்டும், பதவியேற்பு பிந்துகிறது என்று சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, சோடாக் குழாய் எப்ப பூட்டுவினம்?"

"பரிசீலனையில இருக்கும்மா" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சம்பளம் வாங்கிய காலத்தில் அது இவ்வளவு கசந்ததில்லை.

அன்று மாலையே மூன்றாவது கடிதம் எழுதினேன். இந்தமுறை செலினுக்கு மட்டுமல்ல. நிர்வாகக் குழுவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவரவர் வீட்டு முகவரிக்கு, பதிவுத் தபாலில். பாரிஸில் பகல் முழுக்க வேலைக்குப் போகிறவருக்குப் பதிவுத் தபால் வந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அஞ்சல்காரர் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். சனிக்கிழமை காலை அடையாள அட்டையோடு தபால் நிலைய வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். பதில் வராததால் அதற்கடுத்த வாரமும் அனுப்பினேன். அதற்கடுத்த வாரமும்.

பதில் வந்துவிட்டது. விலகல் செல்லாது, அந்த இடத்துக்கு மறுபடி வாக்கெடுப்பு நடக்கும், முசியே போட்டியிடுகிறாரா என்று தெரிவிக்கவும், தயவுசெய்து இனிமேல் பதிவுத் தபால் வேண்டாம்.

அதை எடுத்துக்கொண்டு அண்ணையின் வீட்டுக்கு ஏறினேன். மனைவிதான் கதவைத் திறந்தார். அவர் முன்னால் எப்படிப் பேசுவது என்று நான் விழிக்க, "வாசியுங்கோ ஐயா. எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். "கலியாணம் பேசி வரேக்கையும் வேண்டாமெண்டு சொன்ன மனிசன்தானே இவர். என்ரை அப்பா திரும்பத் திரும்பப் போய்க் கேட்டபடியால்தான் நான் இஞ்சை நிக்கிறன்."

வாசித்துக் காட்டினேன். அண்ணை முன்னால் போய் நின்று, மூன்று முறை கேட்பதற்குத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேர்தல்ல நிக்கறீங்களா அண்ணை?" என்றேன்.

"ஓம்" என்றார்.

அவ்வளவுதான். "என்ன அண்ணை, வேண்டாம்னு சொல்லலையா?"

"உங்களோடை என்ன ஐயா உபசாரம்? அது வெளி ஆக்களுக்கு."

"உந்த வெளி ஆக்கள் கேட்டால் அங்கை போய் மறுபடியும் வேண்டாமெண்டுதான் நிப்பார்" என்றார் மனைவி. "குழாய் வந்தால் என்ன, வராட்டில் என்ன, இந்தமுறை கூட்டத்துக்கு நானும் வாறன்."

அண்ணை எனக்கு ஒரு சோடா எடுக்க உள்ளே போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை. என் வேலைக்காலத்தில் எத்தனையோ பதில்கள் வந்து சேர்ந்தன. ஒன்றின் தேதியையும் நான் நினைவில் வைத்ததில்லை. இந்தப் பதில் வந்தது தைப்பொங்கலுக்கு மறுநாள்.