ஆமைப் பாடமும் நேர்ந்துவிட்ட கிடாவும்

இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்த் திரும்பும் ஆசிரியர்களை ஒரு மாதத்துக்கு வகுப்புக்குள் விடக் கூடாது என்று அரசு ஆணை போட்டால் முதலில் கைதட்டுவது நானாகத்தான் இருப்பேன். அப்படித் திரும்பி வந்து நான் செய்த காரியம் ஒரு வாயில்லா ஜீவனைச் சாகக் கிடத்தியது.

நரிக்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். வீடு அருப்புக்கோட்டையில். கடல்வாழ் உயிரினங்களைக் காப்பது பற்றிய பயிற்சி ராமநாதபுரம் கடற்கரையில் நடந்தது. அங்கே ஓர் ஆமையைக்கூட நான் நேரில் பார்க்கவில்லை (திரையில் காட்டினார்கள், சாப்பாட்டு நேரம் நெருங்கியதால் அதையும் பாதிதான் பார்த்தேன்). ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வங்கக் கடல் ஆமைகளுக்கெல்லாம் என்னை விட்டால் நாதியில்லை என்ற நினைப்போடுதான் இறங்கினேன்.

ஏழாம் வகுப்பில் செல்வி என்றொரு பெண். கடலில் இருக்கிற ஆமைக்கு நாம் என்ன செய்ய முடியும் டீச்சர் என்று கேட்டாள். நம் கண்மாயில் வீசும் பாலிதீன் பை குண்டாற்றில் இறங்கிக் கடலுக்குப் போகும். எங்கிருந்தோ நீந்தி நம் கரைக்கு முட்டையிட வரும் ஆமை, மிதக்கிற பையை இழுதுமீன் (ஜெல்லி மீன்) என்று நம்பித் தின்னும். குடல் அடைத்துச் செத்துப்போகும் என்றேன். குண்டாற்றில் தண்ணீர் வந்தால்தானே என்று பின்வரிசையில் ஒரு முனகல். காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

அந்த வாரம் வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வருவதாக இருந்தது. வெறும் வாயால் பாடம் நடத்தினால் பயிற்சிக்குப் போனவளுக்கு என்ன மரியாதை? பள்ளி வளாகத்திலேயே கடலை உண்டாக்குவது என்று முடிவு செய்தேன். இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, பிள்ளைகள் கொண்டுவந்த பைகளை இழுதுமீன்களாகத் தொங்கவிட்டோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடல் என்றால் உப்பு வேண்டாமா? பைகளைக் கெட்டி உப்புத் தண்ணீரில் முக்கிக் காயவைத்தேன். வெயிலில் உப்பு பூத்து மின்னியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"டீச்சர், உப்புன்னா ஆடு வந்துரும்" என்றாள் செல்வி.

"இது கடல். கடலுக்கு ஆடு வராது" என்றேன். (ஆம், இதே வார்த்தைகள்தான். எம்.எஸ்ஸி., பி.எட். படித்த வாய் இது.)

அலுவலர் வந்தார். மரத்தடியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, கயிற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேச ஆரம்பித்தேன். பிள்ளைகள் கண் கொட்டாமல் என் பக்கமே பார்த்தார்கள். சில பிள்ளைகள் கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தார்கள். இத்தனை வருஷத்தில் என் பேச்சை யாரும் இப்படிக் கேட்டதில்லை. குரலை இன்னும் உயர்த்தினேன். செல்வி கையைத் தூக்கினாள். சந்தேகங்கள் கடைசியில் என்று அடக்கினேன். "பாவம், அதற்கு என்ன தெரியும்? இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தின்றுவிடும்" என்று சொல்லிக் கையை நீட்டியபடி திரும்பினேன்.

கயிற்றில் பாதிக் கடலைக் காணோம். கன்னங்கரேலென்று ஒரு கிடா, வாயில் தொங்கிய பையை நிதானமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

அலுவலர் கைதட்டினார். "தத்ரூபமா இருக்கு டீச்சர். பழக்கி வச்சிருக்கீகளா?"

ஏன் ஒருத்தரும் விரட்டவில்லை என்று பிள்ளைகளிடம் பாய்ந்தேன். செல்விதான் அழுதுகொண்டே சொன்னாள். "முனியய்யாவுக்கு நேந்துவிட்ட கெடா டீச்சர். அத வெரட்டக் கூடாது."

அப்போதுதான் முழு விவரமும் எனக்குத் தெரிந்தது. சிறு வயதில் செல்வி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் கிடா வெட்டுகிறேன் என்று அவள் அம்மா பாண்டியம்மா வேண்டிக்கொண்டு விட்ட கிடா அது. அது எந்தக் காட்டில் மேய்ந்தாலும் ஊரில் யாரும் அதட்ட மாட்டார்கள். வருகிற பங்குனியில் வெட்டு. நான் கூனிக்குறுகிப் போனேன்.

கிடாவுக்கு வயிறு உப்பி அசைபோடுவது நின்றதும், நானும் பாண்டியம்மாவும் அதை லோடு ஆட்டோவில் ஏற்றி அருப்புக்கோட்டை கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அதன் தலை என் மடியில் கிடந்தது. என்ன தின்றது என்று டாக்டர் கேட்டார்.

"டீச்சர் நடத்துன பாடத்தத் தின்னுருச்சு சார்" என்றாள் பாண்டியம்மா. கிண்டலுக்குச் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

வயிற்றைக் கிழித்து டாக்டர் பைகளை உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. என் உப்புப் பைகளோடு, எப்போதோ மேய்ச்சலில் தின்ற பழைய பைகளும் வந்தன. அதைக் காட்டி, எல்லாமே என் பைகள் இல்லை என்று பாண்டியம்மாவிடம் சொன்னேன் பாருங்கள், அந்த அற்பப் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவள் கோபப்படவே இல்லை.

"நீங்க வேணும்னா செஞ்சீக? ஆனா டீச்சர், அது எம்புள்ள உசுருக்கு ஈடா விட்டது" என்றாள்.

கிடா பிழைத்தது. ஆனால் பூசாரி தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, கத்தி பட்ட கிடா சாமிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். நான் வேறு கிடா வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினேன். வேண்டிக்கொண்டவள்தான் வளர்க்க வேண்டும் என்று பாண்டியம்மா ஒரு குட்டியைப் பிடித்து நேர்ந்துவிட்டாள். அது வளர்கிற வரைக்கும் வேண்டுதல் பாக்கி. அந்தக் காலம் முழுக்க வகுப்பில் செல்வி தும்மினால் போதும், உடம்பு சுடுகிறதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அவளே ஒருநாள், "எனக்கு ஒண்ணும் ஆகாது டீச்சர், நீங்க பாடத்த நடத்துங்க" என்றாள்.

ஒருவழியாகக் குட்டி வளர்ந்து, வேண்டுதல் நிறைவேறி, செல்வி இப்போது ஒன்பதாம் வகுப்பில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். தப்பித்த கிடாவை விற்கவும் முடியாது, தின்னவும் முடியாது. 'ஆமை' என்ற பெயரோடு ஊரைச் சுற்றுகிறது. அது மேயும் பக்கமெல்லாம் யாரும் பையை வீசுவதில்லை. கடல் ஆமைக்கு அதில் எவ்வளவு லாபம் என்று எனக்குத் தெரியாது.

கிடா பை தின்ற மறுவருஷம் அதே அலுவலர் வந்தார். கடல் ஆமை பாலிதீன் பையைத் தின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். வகுப்பே எழுந்து நின்று ஒரே குரலில் சொன்னது:

"சாமிக்கு ஆகாது சார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதைப் போய் என் கணவரிடம் சொன்னதுதான் அடுத்த தப்பு. இன்றுவரை வீட்டில் தோசை கருகினாலும் சரி, குழம்பில் உப்புக் கூடினாலும் சரி, அவரும் மகளும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "சாமிக்கு ஆகாது" என்கிறார்கள்.