பாஸ்டனுக்கு நாங்கள் நாலு பேர் மட்டும்

தீவு,
மார்ச் 9, 1974

அன்புத் தம்பி வின்ஸ்லோவுக்கு அண்ணன் லோரிங் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் அண்ணி தெல்மா, பிள்ளைகள் கார்ல்டன், ஜூன் எல்லோரும் சௌக்கியம். பனி இன்னும் முட்டளவு கிடக்கிறது, அதுவும் சௌக்கியம். நீயும் ஷெர்லியும் பாஸ்டனில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. ஷெர்லியை முதலில் உட்காரச் சொல். சிங்கி இறால் பிடிக்கும் கூடுகள் கரையேறிக் கிடக்கும் இந்த மாசக் கடைசியில் நாங்கள் நாலு பேரும் முதன்முதலாகக் குடும்பத்தோடு பாஸ்டன் வந்து, உன் தெருவில் இருக்கிற விடுதியில் நாலு நாள் தங்குவதாக ஜனவரியில் எழுதியிருந்தேன் அல்லவா? அதில் ஒரு சின்ன மாற்றம். நாலு பேர் இல்லை, நாற்பத்தொரு பேர்.

கை தவறி எழுதிவிட்டேன் என்று நினைக்காதே. தீவின் ஜனத்தொகையே நாற்பத்தொன்றுதான். நீ இங்கே இருந்தபோது ஐம்பத்தாறு. நீ தப்பித்துக்கொண்டாய், நான் மாட்டிக்கொண்டேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன், கேள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆன நாளன்று தெல்மா பாடுபட்டு, கோழிக்கறியை மாவுக்குள் பொதிந்து 'பை' சுட்டாள். நாலு தட்டு, நாலு துண்டு, மேசை மேல் ஒரு மெழுகுவத்திகூட வைத்தாள். உட்கார்ந்து ஒரு வாய் வைத்திருப்போம், பக்கத்து வீட்டு வெர்னா அத்தை உள்ளே வந்தாள். இங்கே யார் வீட்டுக் கதவையும் யாரும் தட்டுவதில்லை என்பது உனக்குத் தெரியும். வந்தவள் என் தட்டை எட்டிப் பார்த்து, "என்ன தெல்மா, மாவு கொஞ்சம் கெட்டியாப் போச்சு போல?" என்று சொல்லிவிட்டு அடுப்போரம் உட்கார்ந்தாள். பின்னாலேயே ஊர்த்தலைவர் மெர்ல், ஒரு ஸ்பானரை இரவல் கேட்டு வந்தார். ஸ்பானரைக் கொடுத்தேன், போகவில்லை. தெல்மா அவருக்குக் காபி எடுக்க எழுந்த நேரத்தில், "இது யாருக்கும் வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் துண்டைச் சாப்பிட்டுவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன சொல்வது? அவரோ அப்பாவுக்குப் பெரியப்பா மகன்.

தெல்மா அவருக்குக் காபியை ஊற்றிக் கொடுத்தாள். எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவி முடித்து, ஈரக் கையோடு என் முன்னால் வந்து நின்றாள். "லோரிங், எனக்கு நாலே நாலு நாள் வேணும். நீ, நான், பிள்ளைங்க ரெண்டு பேர். தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுகூட என் கண்ணுல படக்கூடாது. பாஸ்டன்ல ஆறு லட்சம் பேர் இருக்காங்களாமே, அதுல ஒருத்தருக்கும் என் பேர் தெரியாது. என் சமையல்ல உப்பு எவ்வளவுன்னு தெரியாது. அங்க கூட்டிட்டுப் போ." நான் வழக்கம்போல 'பார்க்கலாம்' என்று இழுத்தேன். "பார்க்கலாம் எல்லாம் வேண்டாம். இது நடக்கலேன்னா ஏப்ரல்ல நான் பிள்ளைங்களோட எங்க அம்மா ஊருக்குப் போயிடுவேன். நீ உன் ஊரோட குடும்பம் நடத்திக்கோ." அவள் கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த நாளே உனக்கு எழுதினேன். இங்கேதான் நான் செய்த மகா முட்டாள்தனம். அஞ்சலட்டையில் எழுதினேன். தபாலாபீசை நடத்துவது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை நான் படகுத்துறைக்குப் போவதற்குள் எதிரில் வந்த நாலு பேரும், "என்ன, பாஸ்டனாமே!" என்கிறார்கள். நேராக வெர்னா அத்தையிடம் போய், "அத்தை, என் கார்டைப் படிச்சீங்களா?" என்றேன். "நான் ஏம்ப்பா படிக்கிறேன்? முத்திரை குத்துறப்ப கண்ணு பட்டுச்சு, அவ்வளவுதான்" என்றாள். "ரெண்டு பக்கமுமா?" என்றேன். "முத்திரை சரியா விழுந்திருக்கான்னு திருப்பிப் பார்க்க வேண்டாமா?" என்றாள். இவளிடம் பேசி யார் ஜெயித்தது?

முதல் வாரம் பரவாயில்லை. அவரவர் அது வேண்டும், இது வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாம் வாரம் டீச்சர் மிஸ் ஹேஸ்கல் வந்தாள். பள்ளிக்கூடத்தில் மொத்தமே ஐந்து பிள்ளைகள், அதில் இரண்டு எங்களுடையது. நான் பயந்துகொண்டே லீவு கேட்டேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "அஞ்சு பேர்ல ரெண்டு பேர் போனா அது லீவு, மிஸ்டர் டையர். அஞ்சு பேரும் போனா அது பாடம்." ஆக மற்ற மூன்று பிள்ளைகளும் டீச்சரும் சேர்ந்தார்கள். டீச்சர் ஒருத்தி ஐந்து பிள்ளைகளை அந்தக் கூட்டத்தில் எப்படிச் சமாளிப்பாள் என்று அந்த மூன்றின் அம்மாக்கள் சேர்ந்தார்கள். அம்மாக்கள் போனால் வீட்டில் சோறு யார் போடுவது என்று அப்பாக்கள் சேர்ந்தார்கள். அப்பாக்கள் போனால், நான் ஒருவன், அவர்கள் மூவர், ஆக நாலு பேர் குறைகிறோம். தீயணைப்புப் பம்பை இழுக்க ஆறு ஆள் வேண்டும், தெம்புள்ளவர்கள் ஐந்து பேர்தான் மிஞ்சுவார்கள். "தீப்பிடிச்சா நாங்க என்ன பண்றது, வாளியில மொண்டு ஊத்தறதா?" என்று மெர்ல் கேட்டார். கடைசியில், தீவிலேயே கிடந்து வெந்து சாவதைவிட பாஸ்டன் வருவது பத்திரம் என்று பாக்கிப் பேருக்கும் தோன்றிவிட்டது.

இதெல்லாம் தெல்மாவுக்குத் தெரிவதற்குள் தடுத்துவிடலாம் என்று நானும் ஒவ்வொருத்தர் வீடாகப் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு எதுக்கு லோரிங் வீண் சிரமம், எங்க பாட்டை நாங்க பார்த்துக்கறோம், நீ கூட்டிட்டு மட்டும் போ" என்றார்கள். இந்த ஜனங்களிடம் கோபப்படவும் முடியவில்லை. போன வருஷம் நான் காலை முறித்துக்கொண்டு கிடந்தபோது என் இறால் கூடுகளை இழுத்தவர்களும் இதே ஆட்கள்தான்.

போன திங்கட்கிழமை வருஷாந்தர ஊர்க்கூட்டம். நாய் லைசென்சுக்கும் படகுத்துறைப் பலகை மாற்றுவதற்கும் நடுவே பதினாலாவது விஷயமாக, 'டையர் குடும்பத்தோடு ஊர் பாஸ்டன் போவதா, வேண்டாமா' என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். தெல்மா வழக்கம்போலப் பின்வரிசையில் பின்னல் பின்னிக்கொண்டிருந்தாள். மெர்ல் அதைச் சத்தமாகப் படித்ததும் ஊசி நின்றது. ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. தெல்மா எழுந்தாள். "இது எங்க குடும்பப் பயணம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வெர்னா அத்தை திரும்பிப் பார்த்து வாஞ்சையோடு, "அதைத்தானே நாங்களும் சொல்றோம், நாங்க யாரு?" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். தெல்மா உட்கார்ந்துவிட்டாள்.

"சரிங்கறவங்க கை தூக்குங்க" என்றார் மெர்ல். மொத்தக் கூடமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. என்னை நீ சின்ன வயசிலிருந்து பார்த்தவன். அந்த இடத்தில் வலப்பக்கம் மெர்ல், இடப்பக்கம் மாமா மகன்கள், எதிரில் டீச்சர். என் கை தூக்கியிருந்தது. நான் தூக்கினேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கை மேலே இருந்தது, அது என் கைதான். முப்பது பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. ஒன்று தெல்மா. இன்னொருவர் எதைக் கொண்டுவந்தாலும் எதிர்க்கிற ஓர்வில் கிழவர். அவரும் வருகிறார்.

அன்றிலிருந்து இன்றோடு ஐந்து நாள், தெல்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில், "ஜூன், உங்க அப்பாகிட்ட உருளைக்கிழங்கு இன்னும் வேணுமான்னு கேளு" என்கிறாள். ஜூன் கேட்கிறாள். நான் வேண்டும் என்கிறேன். "ஊர்ல கை தூக்கி வாங்கிக்கச் சொல்லு" என்கிறாள். அதையும் அந்தக் குழந்தை வந்து சொல்கிறது. மாடியில் இருந்த அவளுடைய பெட்டியைக் கீழே இறக்கி வைத்திருக்கிறாள். பாஸ்டனுக்கா, அவள் அம்மா ஊருக்கா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஊரில் ஆயத்தங்கள் அமோகம். தபால் படகுக்கார ஆல்டன் இரண்டு நடையில் எல்லோரையும் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஒத்துக்கொண்டுவிட்டு, அவரும் வருகிறார். அங்கிருந்து பஸ். கோழிகளுக்கு நாலு நாள் தீனி கொட்டி வைப்பது என்று தீர்மானம். பாஸ்டன்காரர்களுக்கு மொச்சை வேகவைக்கத் தெரியாது என்று இரண்டு பெரிய மண்பானை மொச்சை மடியில் வைத்துக் கொண்டுவரப்படுகிறது. விடுதி அறைக்குப் பூட்டு உண்டு என்று நான் சொன்னதும் ஒரு மணி நேரம் கலவரம்: "ராத்திரி ஒருத்தருக்கு ஒண்ணுன்னா எப்படிப் பார்க்கறது?" ஆகவே எல்லா அறையையும் திறந்தே வைப்பதாக முடிவு. அதைவிடப் பெரிய இடி, படுக்கைப் பட்டியல். வெர்னா அத்தை தெல்மாவின் அறையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். "புது ஊரு. அந்தப் பொண்ணு பயந்துக்கும். நான் பக்கத்துலயே இருக்கேன்" என்கிறாள். சொந்தக் கெட்டிலையும் கட்டி வைத்துவிட்டாள்.

இத்தனை பேருக்கு அந்த விடுதி போதாது என்று இவர்களுக்கு உறைக்கவே இல்லை. ஆகவே தம்பி, இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் நாற்பத்தொரு பேர் படுக்க ஒரு கூடம், உன் சர்ச்சின் கீழ்த்தள அறையானாலும் சரி, நீதான் ஏற்பாடு செய்ய வேண்டும். அதோடு, அங்கே எங்களுக்கு மட்டும் ஒரு மூலை, ஒரு திரைச்சீலை, எதுவாக இருந்தாலும் பார். தெல்மாவிடம் காட்ட எனக்கு ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் ஏப்ரலில் நான் இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பேன். வெர்னா அத்தை இருக்கும்போது தனியாக என்றுகூடச் சொல்ல முடியாது.

ஷெர்லிக்கு என் மன்னிப்பு. உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும். கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கட்டும்.

அன்புள்ள அண்ணன்,
லோரிங் டையர்

பி.கு.: கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டு விறகு எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் தெல்மா நின்றபடி அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பக்கம் வரை படித்தாள். "ஒருத்தர் விடாமப் போறாங்களா?" என்றாள். ஐந்து நாளில் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. ஆமாம் என்றேன். "ஓர்வில்?" அவர்தான் முதலில் பெட்டி கட்டியவர் என்றேன். "வெர்னா அத்தை நிஜமாவே போறாங்களா?" "கெட்டிலோட" என்றேன். அவள் ஜன்னலண்டை போய் ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கிற்று. அழுகிறாளோ என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப நாம எதுக்கு லோரிங் போகணும்?" என்றாள்.

ஆகவே மேலே நாற்பத்தொன்று என்று வருகிற இடமெல்லாம் முப்பத்தொன்பது என்று திருத்திக்கொள். திரைச்சீலை வேண்டாம். நாங்கள் இருவரும் வரவில்லை. பிள்ளைகள் டீச்சரோடு வருகிறார்கள். பூமிக்குள் ஓடும் ரயிலைப் பார்க்காவிட்டால் ஜூன் செத்தே போவாளாம், அவளை ஏற்றிவிடு. அன்று காலை பெட்டியோடு படகுத்துறைக்குப் போவோம். இரண்டாம் நடையில் பாக்கிப் பேர் எல்லோரும் ஏறி, கயிற்றை அவிழ்க்கிற நேரத்தில் எனக்கு வயிற்றுவலி வரும். ஆல்டனிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். வெர்னா அத்தை எனக்குக் கஷாயம் போட இறங்கப் பார்ப்பாள், அதற்குள் படகை எடுத்துவிடுவார்.

உன்னிடம் மறைப்பானேன், எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பதினாறு வருஷத்தில் இவளோடு தனியாக ஒரு வேளை சாப்பிட்டதில்லை. என்ன பேசுவது என்றே தெரியவில்லை. அதை அவளிடமே சொல்லிவிட்டேன். "பேச வேண்டாம், எதிர்ல உட்காரு, போதும்" என்றாள். தம்பி, நாலு நாள் ஆயிற்றென்று அவர்களைத் திருப்பி அனுப்ப அவசரப்படாதே. பாஸ்டனில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது என்கிறார்கள். எல்லாவற்றையும் காட்டு. மெதுவாகக் காட்டு.