சொல்லமாட்டேன் என்றொரு பாஸ்வேர்டு

என் வீட்டில் என்னை மதிக்காத ஜீவன்கள் மூன்று. மனைவி, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், கம்ப்யூட்டர். ஒன்றையாவது அடக்கிக் காட்டுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் எடுத்தேன். முதல் இரண்டும் என் சக்திக்கு அப்பாற்பட்டவை.

அச்சகத்துக்குப் புத்தகம் டைப் செய்து தரும் வேலை மனைவிக்குக் கிடைத்ததிலிருந்து கம்ப்யூட்டர் அவளுடையதாகிவிட்டது. நான் ஏதாவது கேட்டால் "ம்" என்கிறாள். திரையைப் பார்த்துக்கொண்டே.

"விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடப்போறேன்."

"ஏங்க? நல்லாத்தானே ஓடுது?"

"வைரஸ் வரும்."

"லினக்ஸ்ல வராதா?"

"கிட்டவே வராது. விண்டோஸ்னா என்ன? ஜன்னல்! ஜன்னல் வழியாத்தான் கொசு வரும்."

"நம்ம வீட்டுக்குக் கதவு வழியாத்தாங்க வருது. நீங்கதான் சாத்தறதே இல்லையே."

இவளிடம் தொழில்நுட்பம் பேசி என்ன பயன்? போட்டேன். உண்மைக் காரணம் வைரஸ் இல்லை. லினக்ஸில் புதிதாக எதைச் சேர்த்தாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும். இனி எது வேண்டுமென்றாலும் அவள் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் முதல்முறையாக!

வந்து நின்றாள்.

"புது ஃபான்ட் போடணும். பாஸ்வேர்டு என்னங்க?"

"சொல்லமாட்டேன்."

என்னையே உற்றுப் பார்த்தாள். "சரி," என்று போய்விட்டாள். அப்புறம் கேட்கவே இல்லை. அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

புதன்கிழமை ஏதோ ஓர் இணையப்பக்கம், 'எல்லாப் படமும் இலவசம், இதை நிறுவுங்கள்' என்று கூப்பிட்டது. பாஸ்வேர்டு கேட்டது. லினக்ஸ் இருக்கப் பயமேன்? கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் டைப் செய்த இருநூறு பக்கமும் திறக்க மறுத்தன. மறுநாள் அச்சகத்தில் கொடுக்க வேண்டியவை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் பயத்துக்கு அடியில் ஓரமாய்க் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. வேலை போனால் பழையபடி என் முகத்தைப் பார்ப்பாளே!

"வைரஸ் வராதுன்னீங்க?"

"அதுவா வரல. நான்தான்... உள்ள விட்டுட்டேன்."

"பூட்டு நல்ல பூட்டுதாங்க. திருடன் கையில சாவியக் கொடுத்தா அது என்ன பண்ணும்?"

தையல் டப்பாவைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு நடுவில் பென் டிரைவ். தினமும் வேலை முடிந்ததும் நகல் எடுத்துக் கழற்றி வைத்திருக்கிறாள். என்னை நம்பாமல்! மதியத்துக்குள் எல்லாவற்றையும் அழித்து, லினக்ஸையே மறுபடி போட்டு, புது பாஸ்வேர்டும் வைத்துவிட்டாள். பென் டிரைவிலிருந்து வந்த பழைய பக்கங்களே அந்தப் புது ஃபான்ட்டில்தான் இருந்தன.

"அன்னைக்கு பாஸ்வேர்டு இல்லாம எப்படி ஃபான்ட் போட்டே?"

"நீங்கதானே சொன்னீங்க."

"நானா? எப்போ?"

"கேட்டேன். 'சொல்லமாட்டேன்'னு ஒரு திருட்டுச் சிரிப்பு சிரிச்சீங்க. அதையே டைப் பண்ணினேன். திறந்துடுச்சு."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "புது பாஸ்வேர்டு என்ன?"

"கேட்டாசொல்றேன்."

"கேக்கறேனே!"

"அதான் சொல்லிட்டேனே!"

இன்றோடு பத்து நாள். இப்போது போய் நிற்பது நான். தினமும் கேட்கிறேன். தினமும் அதே பதில். பொறுக்கமுடியாமல் மகளிடம் முறையிட்டேன்.

"எனக்கு ஒரே ஒரு தடவைதாம்ப்பா சொன்னாங்க," என்றாள் அவள், டக்டக்கென்று டைப் செய்துகொண்டே.